ஸ்போர்ட்ஸ் காருக்கு ஷாக் அப்சார்பர்: பாலாற்று மலைச்சாலை சொன்ன கணக்கு

மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியாக மைசூருக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடியும் இடத்தில் பாலாறு இருக்கிறது. வாணியம்பாடியையும் வேலூரையும் தொட்டுச் செல்லும் பெரிய பாலாறு வேறு. இது மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில் காவிரியோடு கலக்கும் சிற்றாறு. சோதனைச் சாவடியைக் கடந்தால் காடு. காட்டைத் தொடர்ந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள். மலையின் மறுபுறம் இறங்கினால் அனூர், கொள்ளேகால், தி.நரசிபுரம், பிறகு மைசூரு. கோவை, ஈரோடு மக்களுக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை எப்படியோ, சேலம், மேட்டூர் மக்களுக்கு இந்தச் சாலை அப்படி.

கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோவை மாவட்டத்தோடு இருந்தது. பின்னர் மைசூரு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சார்ந்தது. எல்லைப் பலகைகள் மாறினாலும், அமாவாசைதோறும் மாதேஸ்வரனைத் தரிசிக்கச் செல்லும் தமிழ்நாட்டு அடியார்களின் போக்குவரத்து மாறவில்லை. நமது கிளையின் வாடிக்கையாளர் ஒருவரும் அவ்வாறு செல்பவரே. மேட்டூரில் குடும்பம், மைசூரில் பணி. வார இறுதியில் ஊருக்கு வருவார். அமாவாசையன்று தம் தந்தையாரை மலைக்கு அழைத்துச் செல்வார். அவரிடம் இருப்பது இரண்டே இருக்கைகள் கொண்ட, பத்து ஆண்டு பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இளமையில் சுவரில் படமாக ஒட்டிவைத்த காரை நாற்பதாவது வயதில் இரண்டாம் கையாக வாங்கிய மகிழ்ச்சி அவருக்கு.

ஒரு நாள் அவர் தனிநபர் கடன் கேட்டு வந்தார். தொகை 2 லட்சம் ரூபாய். காரணம் என்னவென்று கேட்டபோது, காரின் ஷாக் அப்சார்பர்கள் தேய்ந்துவிட்டன என்றும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பந்தய வகைத் தொகுப்பை நண்பர்கள் பரிந்துரைக்கிறார்கள் என்றும் சொன்னார். கடன் வழங்கத் தடை ஏதும் இல்லை. அவரது திருப்பிச் செலுத்தும் வரலாறு மாசற்றது. ஆயினும் வணிகவியல் படித்த நமக்கு, ஒரு பொருளுக்குக் கடன் தருமுன் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று அறிந்துகொள்ளும் பழக்கம் உண்டு. அந்தச் சனிக்கிழமை அவருடன் மைசூரு வரை செல்வதென்று முடிவாயிற்று.

எடையைத் தாங்குவது வேறு, ஆட்டத்தை அடக்குவது வேறு

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எடையைத் தாங்குவது சுருள்வில். பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தின் அதிர்ச்சியை முதலில் ஏற்பதும் வில்தான். ஆனால் அழுத்தப்பட்ட வில், விட்டவுடன் துள்ளும். துள்ளிய பின் மீண்டும் அமுங்கும். இந்த ஊசலாட்டத்தை ஓரிரு அசைவுகளில் நிறுத்துவதே ஷாக் அப்சார்பரின் பணி.

அதன் உட்புறத்தில் எண்ணெய் நிறைந்த குழலும், அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டனும் இருக்கின்றன. பிஸ்டனில் உள்ள சிறு துளைகளையும், அவற்றை மூடித் திறக்கும் மெல்லிய தகட்டு வால்வுகளையும் கடந்து எண்ணெய் செல்லவேண்டியிருப்பதால் தடை உண்டாகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி, குழலின் சுவர் வழியே காற்றில் கலக்கிறது. வால்வு தேய்ந்தாலோ எண்ணெய் கசிந்தாலோ தடை குறைகிறது. சக்கரம் சாலையைவிட்டு எழும்புகிறது. எழும்பிய சக்கரத்தால் வளைவில் திருப்பவும் இயலாது, பிரேக் பிடிக்கவும் இயலாது. ஆகவே இது சொகுசுக்கான பாகம் மட்டுமன்று. டயரைச் சாலையோடு சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புப் பாகம்.

பாலாறு தாண்டி ஏறிய மூன்றாவது வளைவிலேயே இந்தப் பாடம் நமக்கு விளங்கியது. வளைவின் நடுவே தார் பெயர்ந்திருந்த ஓர் இடத்தில், காரின் பின்புறம் இரண்டு முறை துள்ளி ஒரு முழம் வெளிப்பக்கம் நகர்ந்தது. வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. எதிரே மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று எங்களைக் கடந்து சென்றது. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், "அப்பா இந்த இருக்கையில்தான் உட்காருவார், சார்," என்றார். ஷாக் அப்சார்பரை மாற்றவேண்டுமா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்தது. எதை வாங்குவது என்ற கேள்விதான் எஞ்சியது.

சந்தையில் உள்ள வகைகள்

கார் உற்பத்தியாளர் பொருத்திய பாகத்துக்குப் பதிலாகப் பிற நிறுவனங்கள் விற்பவற்றை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, பழைய பாகத்தின் அளவிலும் குணத்திலும் அமைந்த நேர் மாற்று. கார் புதிதாக இருந்தபோது எப்படி ஓடியதோ அப்படியே ஓடவேண்டும் என்பவருக்கு இதுவே போதும்.

இரண்டாவது, பழைய சுருள்வில்லையும் உயரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, சற்று இறுக்கமான தடை தரும் ஸ்போர்ட்ஸ் வகை. வளைவில் உடல் சாய்வதும் பிரேக்கில் முகம் தாழ்வதும் நிதானப்படும்.

மூன்றாவது, வண்டியைத் தாழ்த்தும் குட்டையான வில்லும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பு. நான்காவது, உயரத்தையும் தடையையும் திருகி மாற்றக்கூடிய காயிலோவர் தொகுப்பு. நண்பர்கள் நமது வாடிக்கையாளருக்குச் சொன்னது இதைத்தான்.

உள்ளமைப்பிலும் இரு பிரிவுகள் உண்டு. இரட்டைக் குழல் வகையில் ஒரு குழலுக்குள் மற்றொரு குழல் இருக்கும்; சவாரி மென்மையாக இருக்கும், விலையும் குறைவு. ஒற்றைக் குழல் வகையில், தனித் தடுப்புக்குப் பின்னால் ஏறத்தாழ 20 முதல் 30 பார் அழுத்தத்தில் வாயு அடைக்கப்பட்டிருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போலப் பத்து மடங்கு அழுத்தம் அது. தொடர்ச்சியான மேடுபள்ளங்களில் எண்ணெய் சூடேறி நுரைத்தால் தடை தளர்ந்துவிடும். வாயுவின் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் த கார்போன் வகுத்த இந்த அமைப்பை, ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்காகப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. ஏற்றமும் இறக்கமும் வளைவும் ஓயாத மலைச்சாலையில் செல்பவருக்கு இந்த வேறுபாடு பொருளுள்ளது.

நம் நாட்டில் கேப்ரியல் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஷாக் அப்சார்பர் தயாரித்து வருகிறது. ஓசூரிலும் அதற்கு ஆலை உண்டு. இறக்குமதியான ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பெரும்பாலும் பில்ஸ்டைன், நெதர்லாந்தின் கோனி, ஜப்பானின் கேஒய்பி, 1976-இல் தொடங்கப்பட்ட சுவீடனின் ஓலின்ஸ் போன்ற பெயர்களே பேசப்படுகின்றன. பெயரைவிட முக்கியமானது பாக எண். அது காரின் மாடல், ஆண்டு, எஞ்சின், தொழிற்சாலையில் பொருத்திய சஸ்பென்ஷன் வகை ஆகிய நான்கோடும் பொருந்தவேண்டும். மின்னணுவால் தடையைத் தானே மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் உள்ள காரில் சாதாரண வகையைப் பொருத்தினால், எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த வசதியும் போய்விடும். வாங்குமுன் காரில் இருப்பது எவ்வகை என்று தெரிந்துகொள்வது அவசியம்.

இறுக்கம் கூடினால் பிடிப்பு கூடுமா?

இறுக்கமாக இருந்தால் கார் வேகமாகத் திரும்பும் என்பது பொதுவான நம்பிக்கை. இது பந்தயத் தளத்தில் பெரும்பாலும் உண்மை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களும், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கப்பட்ட ஓடுபாதையும் தமிழ்நாட்டு மோட்டார் பந்தயத்தின் பெருமைகள். அத்தகைய தளத்தில் ஒவ்வொரு வளைவும் தெரிந்தது. எதிரே பேருந்து வராது. பந்தயக் குழுவினர் அந்த ஒரு தளத்துக்காகவே தடையைத் திருகி அமைக்கிறார்கள்.

பாலாற்றுச் சாலையில் ஒரே வளைவுக்குள் புதிய தாரும், ஒட்டுப்போட்ட தாரும், மழையில் அரித்த ஓரமும் இருக்கும். அங்கே இறுக்கம் மிகுந்த சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் அதன்மேல் தாவிச் செல்லும். தேய்ந்த ஷாக் அப்சார்பர் செய்த அதே குற்றத்தை, அளவுக்கு மீறி இறுகிய ஷாக் அப்சார்பரும் செய்யும் என்பதே இங்கு உணரவேண்டிய செய்தி.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. சாதாரணக் குடும்பக் கார் தன் வில்லின்மீது நொடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 முறை ஆடும். ஸ்போர்ட்ஸ் கார் 1.5 முதல் 2 முறை. பந்தயக் கார் அதற்கும் மேல். வில்லும் தடையும் இணையாக வளரவேண்டும். வில்லின் கடினத்தை 30 விழுக்காடு கூட்டினால், அதே அளவு அடக்கம் கிடைக்கத் தடை ஏறத்தாழ 14 விழுக்காடு கூடவேண்டும். கணக்கு வர்க்கமூலத்தில் நடக்கிறது. வில்லை மட்டும் மாற்றிப் பழைய ஷாக் அப்சார்பரை விட்டுவைப்பதும், வில்லை விட்டுத் தடையை மட்டும் இரு மடங்காக்குவதும் சமநிலையைக் குலைக்கும். ஒரே நிறுவனம் சேர்த்துச் சோதித்த இணையை வாங்குவது நல்லது என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

தாழ்த்துவதும் வேகத்தடையும்

தாழ்ந்த கார் கண்ணுக்கு அழகு. ஆனால் நம் சாலைகளில் வேகத்தடை உண்டு. இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதலின்படி அமைந்த வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் உள்ள கார் அதன் உச்சியில் நிற்கும்போது, இரு சக்கரங்களும் மேட்டின்மீதே இருப்பதால், நடுவயிற்றை நோக்கி மேடு எழும்புவது 46 மில்லிமீட்டர் மட்டுமே. தரையிலிருந்து 90 மில்லிமீட்டர் உயரமாகத் தாழ்த்திய காரும் மெல்லச் சென்றால் தப்பிக்கலாம்.

ஊராரே போட்ட குறுகலான மேட்டில் கதை வேறு. அரை மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மேடு, இரு சக்கரங்களுக்கும் இடையே முழு 100 மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். 90 மில்லிமீட்டர் கார் அங்கே உரசும். உரசுவது எண்ணெய்த் தொட்டியாக இருந்தால், காட்டுச் சாலையில் கைப்பேசித் தொடர்பு இல்லாத இடத்தில் வண்டி நிற்கும். கொளத்தூர் முதல் கொள்ளேகால் வரை அத்தகைய மேடுகளை எண்ணத் தொடங்கிய நாம், பாதி வழியில் எண்ணுவதை விட்டுவிட்டோம். நமது வாடிக்கையாளரோ, அன்று மாலைக்குள் தாழ்த்தும் எண்ணத்தையே விட்டுவிட்டார்.

வங்கியாளரின் கணக்கு

இனி பணம். 2 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 36 மாதங்களுக்கு வாங்கினால், மாதத் தவணை ரூ.6,643. மூன்று ஆண்டில் செலுத்தும் தொகை ரூ.2,39,148, அதில் வட்டி ரூ.39,148. அந்தக் கார் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினால், மூன்று ஆண்டில் 12,000 கிலோமீட்டர். வட்டி மட்டுமே கிலோமீட்டருக்கு ரூ.3.26 ஆகிறது. இது வெறும் எடுத்துக்காட்டு; வட்டி விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் குறைவாக ஓடும் காருக்குக் கடனில் பாகம் வாங்குவது எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை இது காட்டும்.

பாகத்தின் விலையோடு சேர்க்கவேண்டிய செலவுகளும் உள்ளன. மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவை பழையனவாக இருந்தால் உடன் மாற்றவேண்டும். கூலி, வீல் அலைன்மென்ட் ஆகியன தனி. திருகி மாற்றும் வகையில், மழைச் சேறு படிந்து திருகுமரை இறுகிவிடும். ஆண்டுதோறும் சுத்தம் செய்யவேண்டும். சீல் போனால் பிரித்துச் சரிசெய்யும் பட்டறை எந்த ஊரில் இருக்கிறது, பாகம் வர எத்தனை நாள் ஆகும் என்பதை வாங்குமுன் கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். விலைப்புள்ளியில் வரி, இறக்குமதிச் செலவு, உத்தரவாத நிபந்தனை ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கவேண்டும். பில் இல்லாமல் மலிவாகக் கிடைப்பது போலியாக இருக்கக்கூடும், உத்தரவாதமும் கிடைக்காது.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியின்றிப் பாகங்களைப் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. தேய்ந்த பாகத்துக்கு அதே தரத்தில் புதியது மாற்றுவது வழக்கமான பராமரிப்பு. உயரத்தையோ கட்டமைப்பையோ மாற்றும் எதையும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே செய்யவேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவிப்பது நன்று. சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது கேள்வியாக எழலாம். வங்கிக் கடனில் உள்ள கார் என்றால், அது கடன் தீரும்வரை வங்கிக்கு ஈடாக இருப்பது. ஒப்பந்தத்தில் மாற்றம் குறித்த நிபந்தனையைப் படித்து, கிளையின் இசைவைப் பெற்றுக்கொள்ளவேண்டும். கழற்றிய பழைய பாகங்கள் பயன்படும் நிலையில் இருந்தால் பாதுகாத்து வைப்பது மறுவிற்பனைக்கு உதவும்.

பட்டறையில் கவனிக்கவேண்டியவை

ஒரே அச்சின் இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். சுருள்வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி முறையாக இருக்கவேண்டும். அழுத்திய வில் தெறித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதை வீட்டில் செய்துபார்க்கக் கூடாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடையை ஏற்ற நிலையில் இறுதியாக முறுக்கவேண்டும். தூக்கி நிறுத்திய நிலையில் முறுக்கினால் புஷ் முறுகியபடியே இருந்து விரைவில் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டும், உயரம் மாறியிருந்தால் முகப்பு விளக்கின் கோணமும் சரிபார்க்கப்படவேண்டும். வாயு அடைத்த பழைய குழலைத் துளையிடுவதோ தீயிலிடுவதோ கூடாது.

திருகி மாற்றும் வகையை வாங்குபவர், முதலில் உற்பத்தியாளர் சொல்லும் நடு நிலையில் வைத்து, தமக்குப் பழகிய சாலையில் ஓட்டிப் பார்க்கவேண்டும். பின்னர் ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கவேண்டும். நாம் வரவு செலவு எழுதும் முறைதான் அங்கும் உதவும்.

முடிவு

நமது வாடிக்கையாளர் இரண்டாவது வகையைத் தேர்ந்தார்: பழைய உயரம், பழைய அளவு வில், வாயு அடைத்த ஒற்றைக் குழல் ஷாக் அப்சார்பர் நான்கு, புதிய மேல் மவுண்டுகள். மொத்தச் செலவு அவர் கேட்ட கடனில் பாதியைத் தொடவில்லை. முதிர்வடைய இருந்த தொடர் வைப்புக்காக இரண்டு மாதம் காத்திருந்து, அந்தத் தொகையில் வாங்கினார். அந்த இரண்டு மாதமும் மலைக்குப் பேருந்திலேயே சென்றார். நமது கிளைக்கு ஒரு கடன் கணக்கு குறைந்தது. அதில் நமக்கு வருத்தம் இல்லை.

மாற்றிய பின் ஒருமுறை அதே வளைவில், அதே வேகத்தில் அழைத்துச் சென்றார். பெயர்ந்த தாரின்மேல் பின்புறம் ஒருமுறை அசைந்து, பிறகு அமைதியாக நின்றது. குறை ஒன்றும் இல்லாமல் இல்லை. கொளத்தூர்க் கடைத்தெருவில் மெல்ல ஊரும்போது சிறு கற்கள்கூட முதுகில் தெரிகின்றன என்று அவருடைய தந்தையார் சலித்துக்கொள்கிறார். மலையேறும்போது மட்டும் அவர் கைப்பிடியைப் பற்றிக்கொள்வதில்லை என்று மகன் சொன்னார்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் நம் வாடிக்கையாளருள் மிகச் சிலரே. ஆனால் தேய்ந்த ஷாக் அப்சார்பருடன் மலைக்குச் செல்லும் கார்கள் பல. உங்கள் காரின் டயர் அலையலையாகத் தேய்ந்திருந்தாலோ, குழலில் எண்ணெய் வழிந்திருந்தாலோ, பிரேக் பிடிக்கையில் முகம் வழக்கத்தைவிடத் தாழ்ந்தாலோ, அடுத்த பயணத்துக்கு முன் பட்டறையில் காட்டுங்கள். புதிதாக வாங்கும்போது விலைப்பட்டியலைப் பிரிக்குமுன் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள்: நாம் அதிகம் செல்லும் சாலை எது, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர், அருகிருக்கையில் அமர்பவர் யார். இவற்றுக்கு விடை எழுதிய பின் எது தேவை என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். அதற்குப் பிறகும் கடன் தேவைப்பட்டால், உங்கள் கிளை திறந்தே இருக்கிறது.